கால்வாய் ஓரத்து வீடும் ஒட்டு வீட்டுக்காரரின் 2 மீட்டரும்

கேள்வி சுருக்கமாக இது. சிங்கப்பூரின் கிழக்கு வட்டாரத்தில், அகலமான ஒரு கால்வாய்க்குப் பின்பக்கம் காட்டி நிற்கும் செமி-டி, அதாவது இரட்டை ஒட்டு வீடு. இரண்டாம் தளத்துப் படுக்கையறையிலிருந்து தண்ணீரும் அக்கரை மரங்களும் தெரிகின்றன. சுவரைப் பகிரும் ஒட்டு வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டப்போகிறார். இப்போது இரண்டு வீட்டுப் பின்சுவரும் எல்லையிலிருந்து 6 மீட்டர் உள்ளே ஒரே கோட்டில் இருக்கின்றன. அவர் எல்லைக்கு 2 மீட்டர் தூரம் வரை வரப்போகிறாராம். "செட்பேக் விதியை, அதாவது எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி விதியைச் சொல்லித் தடுக்க முடியுமா? சில ஆண்டுகளில் நாங்களும் இடித்துக் கட்டவேண்டும், அதனால் சண்டை வேண்டாம்" என்று கேட்கிறார்கள்.

தடுக்க முடியாது. ஆனால் காட்சியில் பெரும்பகுதியைக் காப்பாற்ற முடியும். செட்பேக் கோட்டை நகர்த்தப் பார்க்காமல், அந்தக் கோட்டுக்குள் அவர் கட்டும் வடிவத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதையும் வரைபடம் அதிகாரிகளிடம் போவதற்கு முன்பே பேச வேண்டும்.

முதலில் அந்த 2 மீட்டர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். நகர மறுசீரமைப்பு ஆணையம், அதாவது யூஆர்ஏ, தரைவீடுகளுக்கு வைத்திருக்கும் விதிப்படி செமி-டிக்குப் பக்கவாட்டிலும் பின்னாலும் குறைந்தது 2 மீட்டர் விட வேண்டும். முன்பக்கம் சாலையின் வகையைப் பொறுத்தது. குடியிருப்புப் பேட்டைக்குள் இருக்கும் சாதாரணச் சாலை என்றால் 7.5 மீட்டர். சுவரைப் பகிரும் பக்கத்தில் இடைவெளியே வேண்டாம். உயரத்துக்கு 2015 முதல் 'என்வலப்' முறை நடப்பில் இருக்கிறது. இரு மாடி வட்டாரத்தில் 12 மீட்டர், மும்மாடி வட்டாரத்தில் 15.5 மீட்டர் என்று ஒரு கற்பனைக் கூடு. அந்தக் கூட்டுக்குள் எப்படிக் கட்டினாலும் அவரவர் விருப்பம். உங்கள் வீடு எந்த வட்டாரம் என்பதை யூஆர்ஏவின் இணைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். மும்மாடி வட்டாரம் என்றால், இப்போது இரண்டு மாடியாக இருக்கும் ஒட்டு வீடு நாளை மூன்று மாடியும் கூரைக்கடியில் ஓர் அட்டிக் அறையுமாக எழும்பும். இதை நினைவில் வைத்தே பேச்சைத் தொடங்குங்கள்.

இந்த விதிகள் வெளிச்சம், காற்று, வீடுகளுக்கிடையே ஓர் ஒழுங்கு ஆகியவற்றுக்காக எழுதப்பட்டவை. யாருடைய சன்னலிலிருந்து என்ன தெரிய வேண்டும் என்பது அவற்றில் இல்லை. 2 மீட்டர் விட்டுவிட்டால் அவர் விதியை நிறைவேற்றிவிட்டார். காட்சி போகிறது, வீட்டு விலை குறையும் என்று எழுதிப்போட்டால் மரியாதையான பதில் ஒன்று வரும், அவ்வளவுதான். தொகுதி எம்பியை மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் பார்த்தாலும் அவர் அதே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார். பதிலும் அதேதான்.

தண்ணீர் ஓரம் என்பதால் இன்னொரு கோடும் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. கால்வாயின் இருபுறமும் வடிகால் ஒதுக்கு நிலம் என்று ஒரு பட்டையைப் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்து வைத்திருக்கும். பின்னாளில் கால்வாயை அகலப்படுத்தவும், தூர்வார இயந்திரம் இறங்கவும், கரை சரியாமல் இருக்கவும் அந்த நிலம் காலியாக இருந்தாக வேண்டும். சில இடங்களில் இந்தப் பட்டை வேலிக்கு வெளியே நின்றுவிடும். சில பழைய லாட்டுகளில், அதாவது மனைகளில், வேலியைத் தாண்டி வீட்டு நிலத்துக்குள்ளேயே ஓடும். அப்படி ஓடினால் அதன்மேல் சுவரோ நீச்சல்குளமோ கூரை போட்ட முற்றமோ எழுப்ப முடியாது. யூஆர்ஏவின் கோடு, கழகத்தின் கோடு இரண்டையும் ஒரே தளப்படத்தில் வரைந்து, எது அதிகம் உள்ளே வருகிறதோ அதுவரைதான் கட்டலாம் என்று கொள்ள வேண்டும். ஆகவே பேசப் போகும் முன் வடிகால் விளக்கப் படத்தைப் பணம் கட்டி வாங்கிப் பாருங்கள். ஒட்டு வீட்டுக்காரரின் 2 மீட்டர் கணக்கே அங்கு தவறாக இருக்கக்கூடும். இருந்தால் அதை ஆயுதமாக எடுக்காதீர்கள். அவருடைய கட்டடக்கலைஞர் ஒரு சமர்ப்பிப்பை வீணாக்காமல் தப்பித்தார் என்ற நன்றியோடு பேச்சு தொடங்கட்டும்.

கரையைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூரில் 'ஏரி' என்று நாம் சொல்பவை நீர்த்தேக்கங்கள்தான். ஜூரோங் ஏரிகூட 1971-இல் ஆற்றை மறித்து உண்டாக்கியது. அவற்றின் கரை பெரும்பாலும் பூங்காவாகவோ காடாகவோ அரசிடமே இருப்பதால் தனியார் வீடு தண்ணீரைத் தொட்டு நிற்பது அபூர்வம். செந்தோசா தீவிலுள்ள செந்தோசா கோவ் குடியிருப்புப் பேட்டை ஒரு விதிவிலக்கு. அங்கே யூஆர்ஏ விதிக்கு மேல் குத்தகை நிபந்தனைகளும் பேட்டையின் சொந்த வடிவமைப்பு நெறிகளும் உண்டு. அங்கே வீடு இருப்பவர்கள் முதலில் அந்தத் தாள்களை எடுத்துப் படிக்க வேண்டும். மற்ற எல்லாருக்கும் தண்ணீர் ஓரம் என்றால் கால்வாய் ஓரம்தான். அந்தக் கரையில் நாளை பூங்கா இணைப்புப் பாதை வரலாம், மரம் நடலாம், மாலையில் நூறு சைக்கிள் போகலாம். ஒட்டு வீட்டுக்காரர் அசையாமல் இருந்தாலும் காட்சி மாறக்கூடியது என்பதை மறக்க வேண்டாம்.

சட்டத்தில் காட்சிக்கு உரிமை இருக்கிறதா? இல்லை. சிங்கப்பூர் பின்பற்றும் பொதுச் சட்ட மரபில் 1610-ஆம் ஆண்டின் ஆல்டிரெட் வழக்கிலிருந்தே நிலை இதுதான். கண்ணுக்கு இனிமை தரும் காட்சியை மறைத்ததற்காக வழக்குத் தொடுக்க முடியாது. 1997-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஹன்ட்டர் வழக்கிலும் அதையே உறுதி செய்தது. அந்த வழக்கில் உயர்ந்த கட்டடம் தொலைக்காட்சி அலையைத்தான் மறைத்தது. காட்சியைக் காக்கும் ஒரே சட்டவழி ஒப்பந்தம். "இந்த எல்லையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் இரண்டாம் தளம் எழுப்பமாட்டேன்" என்று அவர் ஒப்புக்கொண்டு, அது அவருடைய நில உரிமைப் பதிவில் கட்டுப்பாட்டு உடன்படிக்கையாக ஏறினால் வீட்டை வாங்குபவரையும் கட்டும். அதற்கும் காலவரம்பு உண்டு. வழக்கறிஞரிடம் அதைக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். பழைய பேட்டைகளில் முதல் மேம்பாட்டாளர் விட்டுச்சென்ற உடன்படிக்கைகள் பதிவில் இருக்கலாம். நில ஆணையத்தின் இணையத் தேடலில் இரண்டு லாட்டுக்கும் எடுத்துப் பாருங்கள்.

இனிக் கணக்கு. காட்சி போச்சு என்று புலம்புவதைவிட எத்தனை டிகிரி போகிறது என்று அளப்பது பயன் தரும்.

உங்கள் படுக்கையறைச் சன்னலின் நடுப்புள்ளி பொதுச் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சன்னல் அகலம் 2.4 மீட்டர். நேர் எதிரே பார்ப்பது 0 டிகிரி. இப்போது சன்னலில் ஒட்டி நின்றால் ஒட்டு வீட்டுப் பக்கம் 90 டிகிரிவரை திறந்திருக்கிறது. அவர் 4 மீட்டர் முன்னே வந்தால் உங்கள் பார்வை அவருடைய புதுச் சுவர் மூலையில் முட்டும். பக்கவாட்டில் 3, முன்னே 4. கோணம் 37 டிகிரி. அந்தப் பக்கம் 53 டிகிரி போய்விட்டது. கேட்கவே கலக்கமாக இருக்கும்.

ஆனால் நீங்கள் நாள் முழுக்கச் சன்னலில் ஒட்டி நிற்பதில்லை. கட்டிலின் தலைமாடு சன்னலிலிருந்து 1.5 மீட்டர் உள்ளே இருக்கிறது என்றால், அங்கிருந்து உங்கள் சன்னல் சட்டமே பார்வையை 39 டிகிரியில் வெட்டிவிடும். அவர் முழுதாக வந்தால் அது 29 டிகிரி ஆகும். ஆக கட்டிலிலிருந்து போவது 10 டிகிரி. முதலில் வீட்டாரைக் கூட்டி எந்த இடத்திலிருந்து பார்ப்பது முக்கியம் என்று முடிவு செய்யுங்கள். கட்டிலா, எழுதும் மேசையா, பால்கனி நாற்காலியா? எல்லா இடத்தையும் காப்பாற்று என்று கேட்டால் எதிராளிக்கு எதைக் கொடுப்பது என்றே தெரியாது.

கேட்பதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, தரைத்தளம் முழுதும் 4 மீட்டர் வரட்டும், மேல்தளங்கள் மட்டும் இப்போதைய சுவரிலிருந்து 2 மீட்டர் முன்னே வந்ததோடு நிற்கட்டும். சன்னலிலிருந்து 56 டிகிரி கிடைக்கும். கட்டிலிலிருந்து மூலை 41 டிகிரிக்குப் போய்விடும். சன்னல் சட்டமே 39-இல் வெட்டுவதால் இழப்பே இல்லை. ஆனால் வீட்டின் அகலம் 6 மீட்டர் என்றால் அவருக்கு ஒவ்வொரு மேல்தளத்திலும் 12 சதுர மீட்டர் நட்டம். அது ஓர் அறை.

இரண்டாவது, மேல்தளம் முழு 4 மீட்டரும் வரட்டும், ஆனால் பொதுச் சுவரை ஒட்டிய மூலையில் மட்டும் 2 மீட்டர் அகலத்துக்கு வெட்டிவிடட்டும். இப்போது மூலை உங்கள் சன்னலிலிருந்து பக்கவாட்டில் 5, முன்னே 4. கோணம் 51 டிகிரி. கட்டிலிலிருந்து 42, அதாவது இழப்பில்லை. அவருக்குத் தளத்துக்கு 8 சதுர மீட்டர்தான் போகிறது. அந்தப் பள்ளத்தில் குளியலறைக்கோ மாடிப்படிக்கோ இயற்கை வெளிச்சம் கிடைப்பது அவருக்கு ஒரு வரவு. இந்த இரண்டாவது வடிவத்தையே கேளுங்கள். முதலாவதில் அவர் இழப்பது அதிகம், நீங்கள் பெறுவது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கூடவே மூன்று நிபந்தனைகள் வேண்டும். வெட்டிவிட்ட மூலையின் பக்கச் சுவரில் வரும் சன்னல் உங்கள் அறையை நேராகப் பார்க்கும். அதை உயரத்தில் வைக்கவோ மங்கல் கண்ணாடி போடவோ கேளுங்கள். இரண்டாவது, கீழ்த்தளக் கூரை. தளத்துக்குத் தளம் 3.6 மீட்டர் என்றால் இரண்டாம் தளத்தில் நிற்பவரின் கண்மட்டம் ஏறத்தாழ 5.1 மீட்டர். தட்டைக் கூரையை மொட்டைமாடியாக்கி 1 மீட்டர் கைப்பிடிச் சுவர் கட்டினால் அது 4.6 மீட்டருக்கு வந்துவிடும். அந்தப் பக்கம் மரம் தெரியும், தண்ணீர் தெரியாது. மாலையில் அங்கே மனிதர்கள் உட்காருவார்கள் என்பது தனி. ஆகவே அந்தக் கூரை ஆள் ஏறாத கூரையாக இருக்கட்டும். மூன்றாவது, ஏர்கான் கம்ப்ரசர்கள். வரைபடத்தில் சிறு கட்டமாக இருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். வீடு முடிந்த பிறகு பார்த்தால் நான்கு பெட்டிகள் அந்தப் பள்ளத்திலேயே உறுமிக்கொண்டு நிற்கும். காட்சியும் போய், இரைச்சலும் வந்து சேரும். அவற்றை எங்கே வைப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இதையெல்லாம் தாளில் விளக்குவதைவிட இடத்திலேயே காட்டுவது எளிது. நீளமான இரண்டு பிவிசி குழாய், ஒரு கட்டு ரஃபியா கயிறு போதும். அவர் அனுமதியோடு அவர் தோட்டத்தில் புதுச் சுவர் மூலை வரும் இடத்தில் ஒன்றும், வெட்டிய மூலை வரும் இடத்தில் ஒன்றும் நட்டுக் கயிறு கட்டுங்கள். குழாய் 5 மீட்டருக்கு மேல் இருந்தால்தான் இரண்டாம் தளத்திலிருந்து தெரியும். பிறகு அவரை உங்கள் படுக்கையறைக்கே அழைத்துக் காட்டுங்கள். அவருடைய சன்னலிலிருந்து உங்கள் எதிர்கால வீடு எங்கே வந்து நிற்கும் என்பதையும் அதேபோலக் காட்டுங்கள். பேரத்தில் உங்கள் கையில் இருக்கும் பெரிய சீட்டு அதுதான். நீங்களும் கட்டப்போகிறீர்கள். அவர் 4 மீட்டர் வந்தால் நாளை நீங்களும் வருவீர்கள், அவர் திறந்துவைத்த பக்கமெல்லாம் உங்கள் சுவராகும். இருவரும் பொதுச் சுவர் ஓரத்தில் 2 மீட்டர் வெட்டிவிட்டால் நடுவில் 4 மீட்டர் வெளி இரண்டு வீட்டுக்கும் நிரந்தரமாகக் கிடைக்கும்.

வேறு என்ன கொடுக்கலாம்? பொதுச் சுவரை ஒட்டிக் கட்டுபவருக்கு அடுத்த வீட்டின் ஒத்துழைப்பு பணத்துக்குச் சமம். சாரம் கட்ட உங்கள் பக்கம் சில வாரம் இடம் விடுவது, சுவர் சந்திப்பில் நீர்க்கசிவுத் தடுப்பை உங்கள் பக்கத்திலிருந்தும் செய்ய விடுவது, இடிப்பதற்கு முன் உங்கள் வீட்டின் விரிசல்களைப் படம்பிடித்துப் பதிவு செய்ய ஆளை உள்ளே விடுவது. கடைசியாகச் சொன்னது உங்களுக்கே பாதுகாப்பு. கால்வாய் ஓரத்தில் பல இடங்களில் அடியில் கடல்களிமண். நிலத்தடி நீரும் மேலேயே இருக்கும். தோண்டிய குழியிலிருந்து நீரை இறைத்தால் சுற்றுமண் அமுங்கும், ஒட்டு வீட்டுச் சுவர் மூலைவிட்டமாக விரியும். அவர் நிலவறை போடுகிறார் என்றால் காட்சியைவிட இதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். இதில் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. 2000-இல் எக்ஸ்பிரஸ் பிரிண்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பக்கத்து நிலம் தரும் தாங்குதலுக்குக் கட்டடத்துக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதிர்வுமானியும் அமிழ்வுக் குறிகளும் உங்கள் சுவரில் பொருத்தச் சொல்லுங்கள். வாராந்தர அளவீடு உங்களுக்கும் வரட்டும்.

தரைமட்டத்தையும் கேளுங்கள். வெள்ளத் தடுப்புக்காகக் கழகம் குறைந்தபட்சத் தளமட்டம் வைத்திருக்கிறது. பொதுவாகப் பக்கத்துச் சாலை அல்லது தரையைவிட 300 மில்லிமீட்டராவது உயர வேண்டும், தாழ்வான இடத்தில் அதற்கும் மேல். வீட்டின் உயரம் அந்தத் தளத்திலிருந்துதான் அளக்கப்படும். ஆகவே தளம் அரை மீட்டர் ஏறினால் கூரையும் அரை மீட்டர் ஏறும். கழகம் கேட்பதற்கு மேல் எதற்காக ஏற்றுகிறார் என்று கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. பின்தோட்டத்தை ஏற்றினால் மழைநீர் உங்கள் பக்கம் வழியும். எல்லை ஓரத்தில் அவர் நிலத்துக்குள்ளேயே வடிகால் ஓட வேண்டும். எல்லைச் சுவர் 1.8 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றாலும், ஏற்றிய மண்ணின் மேல் நிற்கும் சுவர் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் உயரமாகவே தெரியும்.

நேரம் முக்கியம் என்று சொன்னதன் காரணம் இது. கருத்துப்படம் தயாராகி, கட்டமைப்புப் பொறியாளர் தூண்களை நிறுத்தும் முன் மூலையை வெட்டுவது பென்சில் வேலை. தற்காலிக அனுமதி வந்து, கட்டமைப்பு வரைபடம் கட்டட, கட்டுமான ஆணையத்துக்குப் போன பிறகு அதே மூலை புது உத்திரம், புதுத் தூண், மறுபடி கட்டணம், மாதக்கணக்கில் தாமதம். அந்தக் கட்டத்தில் நல்ல மனிதர்கூட முடியாது என்றுதான் சொல்வார். அவரிடம் கேட்க வேண்டிய படங்கள் மூன்று: மட்டங்கள் குறித்த தளப்படம், இரண்டாம் தள வரைபடம், பின்பக்கம்வரை வெட்டிய குறுக்குவெட்டு. முப்பரிமாண வண்ணப்படம் வேண்டாம். அதில் மரங்கள் எப்போதும் தேவையான இடத்தில்தான் நிற்கும்.

ஒப்புக்கொண்டதை ஒரு பக்கத்தில் எழுதி, அந்த மூன்று படங்களையும் இணைத்து, மீட்டரில் அளவு குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். 'காட்சியை மறைக்காமல் கட்டுவேன்' என்ற வாக்கியத்தால் பயனில்லை. 'பின்எல்லையிலிருந்து 6 மீட்டருக்குள், பொதுச் சுவரிலிருந்து 2 மீட்டருக்குள், தரைத்தளக் கூரைக்கு மேல் எந்தக் கட்டுமானமும் இல்லை' என்பதே பயன்படும். கட்டுமானம் என்பதில் மடிக்கும் கூரைத்துணி, பெர்கோலா, நீர்த்தொட்டி, கம்ப்ரசர் எல்லாம் அடங்கும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வீடு முடிந்து ஓராண்டில் மழைக்காக ஒரு பாலிகார்பனேட் கூரை முளைப்பதுதான் இத்தகைய ஏற்பாடுகள் உடையும் வழக்கமான இடம். செடிகளும் அப்படியே. எல்லை ஓர மூங்கில் மிக வேகமாக வளரும், கோணக் கணக்கெல்லாம் அதற்குத் தெரியாது. உயர வரம்பு எழுதுங்கள். கால்வாய்க் கரையில் இருக்கும் மரம் அரசுடையது, காட்சிக்காக அதில் கைவைக்கக் கூடாது. மரப் பாதுகாப்பு வட்டாரங்களில் சொந்த நிலத்து மரமானாலும், சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டினால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது.

பேச்சு நின்றுவிட்டால் சமூக மத்தியஸ்த நிலையத்துக்குப் போகலாம். காட்சிக்கு உரிமை இல்லாததால் நடுவர் மன்றத்தில் கிடைக்காதது அங்கே பேச்சில் கிடைக்கக்கூடும். அங்கேயும் அந்த மூன்று படங்களோடும் குழாய் நட்டு எடுத்த புகைப்படங்களோடும் போங்கள்.

பின்வரிசை வீட்டுக்காரர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. முன்வரிசை வீட்டின் கூரைக்கு மேலாகத் தண்ணீரைப் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை குறைவு. முன்வீடு 15.5 மீட்டருக்கு எழும்பினால் மேலாகப் பார்ப்பது முடிந்தது. அவர்களுக்கு மிஞ்சுவது இரண்டு வீடுகளுக்கு நடுவில் தலா 2 மீட்டராகக் கிடைக்கும் 4 மீட்டர் சந்து. 20 மீட்டர் தள்ளி நின்றால் அது ஏறத்தாழ 11 டிகிரி. அந்தச் சந்தில் கம்ப்ரசரும் உயர்ந்த செடியும் வராமல் இருந்தாலே போதும் என்று கேட்டால், முன்வீட்டுக்காரர் எதையும் இழக்காமல் ஒப்புக்கொள்ளக்கூடிய கோரிக்கை அது.